வருஷா வருஷம் ஒரு படிவம்

அந்த நீச்சல் குளத்தில் அவளை எல்லோரும் ‘ஃபார்ம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக வாசல் பக்கத்து அறையில் அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். விடுமுறை வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். சேர்க்கை விண்ணப்பம் ஒன்று, சம்மதப் படிவம் ஒன்று. இரண்டாவதில்தான் விஷயமே இருந்தது. ‘பயிற்சியின்போது என் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்பதை அறிந்து, முழு மனதோடு சம்மதிக்கிறேன்.’ யாராவது படிக்கலாம் என்று மூக்குக் கண்ணாடியைத் துழாவினால், “சும்மா சம்பிரதாயத்துக்குத்தாங்க” என்று அவளே பேனாவை நீட்டிவிடுவாள்.

அவள் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். எழுதத் தயங்குகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். “கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதும்பாங்க. எனக்கு அப்படியே பலிச்சிருச்சு” என்று சிரிப்பாள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒற்றை மகளைக் கல்லூரி வரைக்கும் கரை சேர்த்திருந்தது இந்த மேசைதான்.

ஒரு வருஷம், சேர்க்கையின் கடைசி நாள். அறைக்குள் எள் போட்டால் எள் விழாது. எட்டு வயதுப் பெண்ணோடு ஓர் அம்மா வந்தாள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாள். சம்மதப் படிவக் கட்டு தீர்ந்துபோயிருந்தது. “அப்புறமா போட்டுக்கலாம்மா, பாப்பா உள்ள போகட்டும்” என்று ஃபார்ம் அக்கா அனுப்பிவிட்டாள். அத்தோடு மறந்தும் போனாள்.

நாலாம் நாள் காலை அந்தப் பெண் தண்ணீருக்கு மேலே வரவில்லை. குளத்தின் அடியில் பம்பு தண்ணீரை உறிஞ்சுகிற துளைக்கு ஒரு கம்பி மூடி உண்டு. அது நகர்ந்திருந்தது. குழந்தையின் நீளமான தலைமுடி அதற்குள் போய்விட்டது. பம்பை நிறுத்தும் வரைக்கும் அவளை யாராலும் இழுக்க முடியவில்லை.

அன்று மாலை மேனேஜர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எல்லாப் பிள்ளைங்களோடதும் இருக்கு. அந்தப் பொண்ணோடது மட்டும் எங்கம்மா?”

“கூட்டத்துல... அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன் சார்.”

“அப்ப நாளைக்கு விசாரணைல மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்தம்மா போட்ட கையெழுத்து விண்ணப்பத்துல இருக்கு. உங்களுக்கும் பொண்ணு ஒண்ணு இருக்கு, இல்ல?”

ஃபார்ம் அக்கா அந்தத் தாயின் கையெழுத்தைக் காலண்டர் தாளின் முதுகில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். நாலாவது தடவை படிவத்தில் போட்டாள். அவள் கை நடுங்கவே இல்லை. பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

விசாரணையில் அந்தத் தாளைத் தாய்க்குக் காட்டினார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். இது உங்கள் கையெழுத்துதானே என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். “என்னோடது மாதிரிதான் இருக்கு” என்றாள். விஷயம் முடிந்தது. மூடியைப் புதுத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். குளம் மறுபடி திறந்தது.

அடுத்த வருஷம் சேர்க்கையின் முதல் நாள், காலை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தாள். வரிசையில் நின்றாள். முறை வந்ததும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, “அக்கா, சம்மத ஃபார்ம் ஒண்ணு குடுங்க” என்றாள்.

ஃபார்ம் அக்கா கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். தாய் நிதானமாக நிரப்பினாள். குழந்தையின் பெயர். வயது: ஒன்பது. நீந்தத் தெரியுமா: கற்றுக்கொண்டிருக்கிறாள். உடல்நலக் குறை: இல்லை. கடைசியில் கையெழுத்து. அப்போதுதான் ஃபார்ம் அக்கா அதைக் கவனித்தாள். தாய் இடது கையால் எழுதினாள். எழுத எழுத உள்ளங்கையின் ஓரம் ஈர மையின் மேல் ஊர்ந்து, வரி முழுக்க லேசாகக் கறையாகிவிட்டது. தான் போன வருஷம் போட்ட பொய்க் கையெழுத்தோ கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

தெரிந்துகொண்டாள், அதனால்தான் வந்து எதிரே உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறாள் என்று ஃபார்ம் அக்கா நினைத்தாள். தாய் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மறு வருஷமும் வந்தாள். வயது: பத்து. நீந்தத் தெரியுமா: தெரியும். அதற்கடுத்த வருஷம், பதினொன்று. உயரம் என்ற கட்டத்திலும் ஏதோ கணக்கு வைத்து நான்கு விரற்கடை கூட்டி எழுதியிருந்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாவம், புத்தி பேதலிச்சிருச்சு. வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்பிருங்க” என்றார்.

அந்தப் படிவங்களைக் கிழித்துப் போட ஃபார்ம் அக்காவுக்குக் கை வரவில்லை. அடி இழுப்பறையில் தனியாக வைத்தாள். குளத்தோரத்து அறை, காகிதம் நமத்துப்போவது சகஜந்தான். ஆனால் அதே இழுப்பறையில் இருந்த மற்றவை மொறமொறப்பாக இருக்க, அந்த மூன்று தாள்கள் மட்டும் ஊறிப் பருத்திருந்தன. தரைக்குக் கீழே பம்பு ஓடுகிற சத்தம் இத்தனை வருஷமாக அவள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு உறிஞ்சலும் எண்ணுகிற மாதிரிக் கேட்டது. வீட்டில் மகள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டால், “பின்னிக்கிட்டு வாடி!” என்று கத்தினாள். மகள் மிரண்டு பார்த்தாள்.

நாலாவது வருஷம். தாய் வயதுக் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்தாள். கறை படிந்த வரியைக் குனிந்து பார்த்தாள். ஃபார்ம் அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“எதுக்கும்மா வர்றீங்க? சொல்ல வேண்டியதைச் சொல்லிருங்க. இப்படி ஏன் என்னைக் கொல்றீங்க?”

தாய் புரியாமல் விழித்தாள்.

“உங்களையா? உங்களை எதுக்குக்கா... நான் போட்டேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வீட்டுக்காரரு ‘எழுதிக் குடுத்தே கொன்னுட்டியேடி’ன்னுட்டு வீட்டை விட்டே போயிட்டாரு. அப்புறமா போட்டுக்கலாம்னு நீங்க சொன்னீங்க, அப்புறம் எப்ப போட்டேன்னு எனக்கு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகமே வரல. இதே நாற்காலியில உக்காந்து, முழுசா நிரப்பி, போட்டுப் பாத்தா ஞாபகம் வந்துருமோன்னுதான் வர்றேன்.” அவள் தயங்கினாள். “வயசை மட்டும் குறைச்சு எழுத மனசு வரலக்கா. அவளுக்கு இப்ப பன்னெண்டு தானே?”

வெளியே வரிசையில் யாரோ தும்மினார்கள். உள்ளே பம்பு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“நீங்க போடலம்மா” என்றாள் ஃபார்ம் அக்கா. “நான் போட்டேன்.”

தாய் கத்துவாள், மேலே பாய்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். தாயோ புதிதாக ஒரு படிவத்தை உருவி அவள் முன்னால் தள்ளினாள்.

“போட்டுக் காட்டுங்க.”

ஃபார்ம் அக்கா போட்டாள். நாலு வருஷம் கழித்தும் அதே சுழிப்பு, அதே வளைவு, ஒரு மயிரிழை பிசகவில்லை. தன் கை தனக்கே அந்நியமாகத் தெரிந்தது. தாய் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன் கறையை விரலால் தடவினாள். சுத்தமாக இருந்ததையும் தடவினாள்.

“சோறு பிசையறப்ப, தலை வாரறப்ப, எப்பவும் இந்தக் கையையே பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றாள் மெதுவாக. “நீதானே, நீதானேன்னு கேப்பேன். நாலு வருஷம்க்கா.”

இரண்டு தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மேனேஜர் காதுக்கு எட்டுவதற்குள் ஃபார்ம் அக்கா மேசையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். நடந்ததைத் தன் கையாலேயே ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே வேலை போயிற்று. அவள் மேல் பொய்க் கையெழுத்து வழக்கும் பதிவாயிற்று. மேனேஜர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். ஆனால் பம்பு பார்க்கிற ஆள், மூடி ஆடுகிறது என்று இரண்டு தடவை தான் சொன்னதாக வாய் திறந்தார். பழைய விசாரணையைப் புதிதாகத் தொடங்கினார்கள். மகள் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “சாப்பிடு. வக்கீலைப் பாக்கப் போகணும்” என்று தட்டை முன்னால் வைத்தாள்.

விசாரணை நாளில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது. ஃபார்ம் அக்கா அதன் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தாய் வந்தாள். அவள் புருஷன் தூணோரத்தில் நின்று, பேச வாயெடுத்தார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை ஃபார்ம் அக்கா கேட்கவும் இல்லை, அந்த அம்மா கொடுக்கவும் இல்லை. பெயரைக் கூப்பிடும் வரைக்கும் இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள்.