ஐந்தாவது மில்லின் கேப்டன்

எங்கள் அணிக்கு முதன்முதலில் கிடைத்த சட்டைகள் புதியவை அல்ல. ஊரில் ஏற்கெனவே ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த நான்கு மில்களும் தங்களுக்கு வேண்டாத பழைய சட்டைகளை மூட்டை கட்டி அனுப்பியிருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்றில் சிவப்புக் கோடு. எங்கள் முதலாளி அத்தனையையும் சாயத் தொட்டியில் முக்கி எடுத்துக் கருநீலமாக்கிவிட்டார். காய்ந்த பிறகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வியர்வை பட்டதும் சாயம் கசிந்து கழுத்தில் இறங்கியது. பாதி ஆட்டத்தில் உள்ளேயிருந்து பச்சையும் மஞ்சளும் எட்டிப் பார்த்தன. "நீலகண்டனுங்க வந்துட்டாங்கடோய்" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கத்துவார்கள். வீட்டுக்குப் போய் எவ்வளவு தேய்த்தாலும் அந்த நீலம் லேசில் போகாது. நாங்கள் எல்லோரும் சாம்பல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க, கேப்டன் மட்டும் கழுத்தைத் துடைக்கக்கூட மாட்டார். "இருந்துட்டுப் போகுது தம்பி. நம்மளை அடையாளம் தெரியோணுமல்ல" என்பார்.

பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரைச் சுற்றிப் பருத்திக் காடு இருந்த இடத்திலெல்லாம் மில் புகைபோக்கி எழும்பிய காலம் அது. மில் வைத்தவர்கள் பாதிப்பேர் நேற்றுவரை தோட்டம் பார்த்தவர்கள். ஒருத்தர் கார் வாங்கினால் அடுத்தவரும் வாங்க வேண்டும், ஒருத்தர் ஹாக்கி அணி வைத்தால் அடுத்தவரும் வைத்தாக வேண்டும். எங்கள் முதலாளி கடைசியாக வந்து சேர்ந்தார். புதிதாக வருகிறவருக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்று மற்ற நால்வரும் கூடிப் பேசி, ஆளுக்குச் சிலரைத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு கட்டும் போட்டார்கள். ஒரு மில்லின் ஆட்டக்காரனை, அந்த முதலாளி வாய்திறந்து சரி என்று சொல்லாமல், இன்னொருவர் வேலைக்கு எடுக்கக் கூடாது. தருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர்கள் யாரைத் தருவார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்? முழங்கால் பிசகியவன், நடுவரை அடித்தவன், மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டவன் என்று பழைய சட்டைகளோடு சேர்த்து ஆட்களையும் அனுப்பிவைத்தார்கள். ஹாக்கிக்காகவே வேலை என்பதால், அணி கலைந்தால் எங்கள் பிழைப்பும் கலைந்துவிடும்.

யாரும் கழித்துவிடாத ஆள் நான் ஒருவன்தான், ஏனென்றால் அதற்கு முன் நான் ஆடியதே இல்லை. துடியலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தவன். மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருஷம் மில்லுக்கு வந்தேன். முதலாளி என் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு, "பந்து இதைத் தாண்டிப் போகாதுங்க" என்று கோல்கீப்பராக நிறுத்திவிட்டார். என் தகுதி அவ்வளவுதான். முதல் வருஷம் பந்து என்னைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தது.

கேப்டன் அப்படி இல்லை. அவர் சென்டர் ஹாஃப், நடுக்களத்தில் நின்று ஆட்டத்தையே நடத்துகிற இடம். டவுன்காரர், கத்தோலிக்கர், மெலிந்த உயரமான ஆள். அவரைப் போய் எப்படிக் கழித்தார்கள் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். பழைய மில்லின் மேனேஜருக்கு ஒரு மச்சினன் இருந்தான், அவனும் சென்டர் ஹாஃப். விஷயம் அவ்வளவுதான். "என்னைக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லல தம்பி. சட்டை மூட்டையைத் தூக்கிட்டுப் போற வண்டியிலயே ஏறிக்கோன்னுட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆறிப்போன காயம் என்று காட்டிக்கொள்வதற்காகச் சிரித்த சிரிப்பு அது.

முதலாளியைப் பற்றி நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கெட்டவராக இருந்திருந்தால் கேப்டன் என்றைக்கோ மில் கேட்டைத் தாண்டியிருப்பார். கேப்டனுக்கு மில் லைனில் வீடு கொடுத்தார். கேப்டனின் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம், அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணம் ஆகி வந்தவர். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து, மாதா கோயிலில் ஞானஸ்நானம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு எந்த விசேஷம் என்றாலும் தாய்மாமன் வீட்டுச் சீர் வந்தாக வேண்டும். அக்காவுக்கு யார் சீர் கொண்டு வருவார்கள்? நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் கேட்டருகே மேளச் சத்தம் கேட்டது. முதலாளியும் அவர் சம்சாரமும் முன்னால் வர, பின்னால் தோட்டத்துப் பெண்கள் தலையில் தாம்பாளங்களோடு வரிசையாக வந்தார்கள். தேங்காய், வெல்லம், வாழைத்தார், பட்டுப்புடவை, குழந்தைக்குக் கொலுசு. பங்குச் சாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார், நாதஸ்வரத்தை உள்ளே விடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. முதலாளியின் சம்சாரத்தை நாங்கள் பெரிய அம்மணி என்போம். அவர் தாம்பாளத்தை அக்காவின் கையில் வைத்து, "உனக்குப் பொறந்த ஊடு இல்லீன்னு யாரு கண்ணு சொன்னது?" என்று கேட்டார். அக்கா அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். அங்கிருந்த எல்லோருக்கும் கண் கலங்கியது, எனக்கும்தான். கேப்டன் கையில் வெல்லத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவராக நின்றார். திரும்பி வருகையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இனி நான் எங்கீன்னு தம்பி போறது? சீர் வாங்கிப்போட்டமே."

சீர் வாங்கியவர்கள் கொடுத்த வீட்டை விட்டு விலகுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். சண்டை போடலாம், வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கலாம், விலகிப் போகக் கூடாது. முதலாளி இதை யோசித்துத்தான் செய்தாரா, மனசார மட்டும் செய்தாரா என்று இத்தனை வயதுக்குப் பிறகும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுமாகவே இருக்கலாம்.

அந்த வைகாசியில் போத்தனூர் ரயில்வே அணியோடு ஒரு ஆட்டம் ஆடப் போனோம். பேருக்குத்தான் நட்பு ஆட்டம், எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். கேப்டன் ஒருவர் மட்டும் தனியாக நின்று ஆடினார். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் அணியை நடத்திய ஃபோர்மேன் தேடிக்கொண்டு வந்தார். ஆங்கிலோ இந்தியர், சிவந்த முகம், வாயில் சுருட்டு. "என்ன மேன், நீ எங்க டீமுக்கு வர்றியா? ஆனி கடைசியில ஒர்க்‌ஷாப்ல இடம் காலியாவுது. நீ வர்றதா இருந்தா உனக்கு வெச்சிருப்பேன்" என்றார். எங்கள் முதலாளி மனசாரச் சம்மதித்தால்தான் எடுப்பேன் என்றும் சொல்லிவிட்டார், இரண்டு பேருக்கும் பழக்கம் உண்டு. ரயிலில் திரும்பும்போது கேப்டன் என் எதிரே உட்கார்ந்திருந்தார். சிங்காநல்லூர் தாண்டியதும், "நான் பொறந்ததுல இருந்து எங்கியும் என்னைத் தள்ளித்தான் விட்டிருக்காங்க தம்பி. வேணும்னு கேட்ட மொத ஆளு இந்தத் தொரைதான்" என்றார். சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேப்டன் போய்ச் சம்மதம் கேட்கும் போதெல்லாம் முதலாளி முடியாது என்று ஒருமுறையும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அப்படி முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரிப்பார். "போலாமுங் கேப்டன், போலாமுங்க. என்னுங்க அவசரம்?" என்பார். கேப்டன் வெளியே வரும்போது கையில் வாழைப்பழச் சீப்பு ஒன்று இருக்கும். மில்லில் மற்றவர்கள் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். எனக்குப் பொறாமை வரவில்லை. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ஹாலில், தூசு பறக்க, ஜன்னல் எல்லாம் அடைத்த இடத்தில் நின்றபடி, பந்து இல்லாமலே அவர் கால் இப்படியும் அப்படியும் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒருநாள் முதலாளி மனம் இரங்கினார். "ஒரே ஒரு ஆட்டம் செயிச்சுக் கொடுத்துப்போட்டுப் போங்க. ஊருக்குள்ள தலைநிமிந்து நடக்கோணுமல்லங்க. அப்பறம் நானே என்ற கார்ல கொண்டுபோய் போத்தனூர்ல உட்டுட்டு வாரேன்" என்றார். நாங்கள் அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை. ஆடி பிறப்பதற்குள் மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அதுவும் கேப்டனைக் கழித்துவிட்ட அந்தப் பழைய மில்லோடு.

கேப்டன் போய்விட்டால் அணி நிற்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முழங்கால் பிசகியவர் வெளிப்படையாகவே சொன்னார்: "அவரு போயிட்டா நம்மளை எவன் வெச்சிருப்பான்?" பிறகு அவரே முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு முதல் ஆளாகப் பயிற்சிக்கு வந்து நின்றார். சங்கு ஊதியதும் பஞ்சு ஒட்டிய தலையோடு மைதானத்துக்கு ஓடினோம். அப்படி ஒரு வெறியோடு நாங்கள் அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை.

அன்றைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேயாக அடித்தது. செம்மண் பறந்து எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. முதல் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடினோம். பந்து என் காலில், தொடையில், ஒருமுறை தாடையில் பட்டது, உள்ளே மட்டும் போகவில்லை. இடைவேளைக்குப் பின் காற்று எங்கள் பக்கம். ஆட்டம் முடியும் தறுவாயில் கேப்டன் மேனேஜரின் மச்சினனிடமிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு போய், வட்டத்துக்குள் நுழைந்ததும் அடித்தார். பலகையில் பந்து மோதிய சத்தம் மைதானத்தின் மறுகோடியில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த ஒரு கோல்தான், ஜெயித்துவிட்டோம்.

கூட்டம் உள்ளே ஓடி வந்தது. முதலாளி செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் ஓடி வந்து கேப்டனைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்க நீலம் ஒட்டியதை அவர் கவனிக்கவே இல்லை. மனிதர் நிஜமாகவே அழுதார். கூட்டத்தைப் பார்த்து, "இப்பிடியாப்பட்ட மனுசனை உட்டுப்போட்டா நான் மனுசனுங்களா? இவரு இனி எங்க ஊட்டு மாப்பிள்ளைங்க. எங்கியும் அனுப்பமாட்டனுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயித்தால் விடுகிறேன் என்று தான் சொன்னதே அவர் நினைவில் இல்லை. தோற்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பாரோ என்று நான் பிறகு எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டேன்.

கேப்டன் வாயைத் திறந்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் பெரிய அம்மணி அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா கேப்டனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "எனக்கு இப்பத்தானுங்க ஒரு அம்மா ஊடு கெடச்சிருக்குது. என்னைக் கூட்டிட்டுப் போயராதீங்க" என்றார். கேப்டன் அவர் முகத்தையே பார்த்தார். இருவரும் வாழ்நாள் முழுக்க ஏங்கியது ஒன்றையேதான், இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்க வழியில்லை. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "சரிங்க" என்றார்.

ரயில்வே அணிக்குக் கோல்கீப்பரும் தேவைப்பட்டதால், கேப்டன் போகாத அந்த ஒர்க்‌ஷாப் இடத்துக்கு நான் போகலாம் என்று ஆயிற்று. "நீயாச்சும் போ தம்பி" என்று கேப்டன்தான் என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் போய்க் கேட்டதும் முதலாளி உடனே, "நல்லாப் போயிட்டு வாங்க தம்பி" என்று சம்மதித்துவிட்டார். காப்பியும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. எனக்கு யாரும் சீர் கொண்டுவந்ததில்லையே. என் முழு வாழ்க்கையும் அந்தப் போத்தனூரில்தான் போயிற்று. வீடு, பிள்ளைகள் படிப்பு, இப்போது வாங்கும் பென்ஷன் எல்லாம் அவருக்கென்று வைத்திருந்த இடத்தில் வந்தவை. அவர் கடைசிவரை அந்த மில்லிலேயே இருந்தார். இப்போது மில் ஓடவில்லை, முதலாளியும் கேப்டனும் இல்லை. அக்காவை அந்தப் பெரிய குடும்பம் சாகும்வரை மகளாகவே வைத்துத் தாங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்த அன்று கேப்டன் என்னோடு போத்தனூர் வந்தார். வரவேண்டிய அவசியமே இல்லை, எனக்கு வழி தெரியும். ஃபோர்மேனிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டவர், கதவுவரை போய்த் திரும்பி வந்தார். சொல்லத் தயங்கி, கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார். பிறகு கேட்டார்: "தொரை, அன்னிக்கு என்னைத்தானுங்களே கேட்டீங்க?"

ஃபோர்மேன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஆமா மேன். உன்னைத்தான் கேட்டேன்."

கேப்டன் தலையை ஆட்டினார். அவ்வளவு போதும் என்பதுபோல், என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, திரும்பிப் போகிற ரயிலைப் பிடிக்க நடந்தார்.