பிரேக் டிரம்மில் தடவிய எண்ணெய்

அந்தக் காரைக் கட்டி முடிக்க எனக்கும் மச்சானுக்கும் மூன்று வருஷம் ஆனது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பிட்டர். தொண்ணூறுகளின் நடுவில், ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய்விடுவேன். விடுமுறை நாள் முழுவதும் அங்கேதான். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பெயர். அக்காவைப் பார்ப்பது அவள் சோறு போடும்போது மட்டும்தான்.

கார் என்று நாங்கள் இரண்டு பேரும்தான் சொன்னோம். பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற ஒரு டாக்ஸியின் இஞ்சினையும் கியர் பெட்டியையும் நான்கு சக்கரங்களையும் எடுத்து, சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்துச் செய்த சட்டத்தில் பொருத்தியிருந்தோம். மேலே அலுமினியத் தகடு. கூரை இல்லை, கதவு இல்லை. மில்லில் பஞ்சுத் திரி சுருண்டு விழுவதற்கு இடுப்பளவு உயரத்தில் கேன்கள் இருக்கும். உடைந்துபோன ஒரு கேனை நெடுக்காகப் பிளந்து இருக்கை செய்தேன். முதுகுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. ஒருநாள் வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போனபோது போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தி, வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மழ வந்தா என்னய்யா செய்வீக?" என்று கேட்டார். "நனைவோம் சார்" என்றார் மச்சான். சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

எடை கூடக்கூடாது என்று ஒரே ஓர் இருக்கைதான் வைத்தோம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

சென்னைக்கு வெளியே பந்தயத் தடம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. வண்டியைப் பரிசோதித்துத் தேறினால் ஐந்து சுற்று ஓட்ட விடுவார்கள். ஒரு வண்டிக்கு ஒரே ஓட்டுநர். விண்ணப்பப் படிவம் தபாலில் பட்டறைக்கு வந்தது. நான் ஷிப்ட் முடிந்து போய்ச் சேர்வதற்குள் மச்சான் தன் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அந்தச் சட்டத்தில் பாதி வெல்டிங் என் கை. சக்கரமும் பிரேக்கும் முழுக்க முழுக்க என் வேலை. இஞ்சினும் கடைசல் வேலையும் அவருடையவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷமாக அந்தப் பிளந்த கேனில் உட்கார்ந்து, ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான்.

"யாரக் கேட்டு எழுதுனீங்க மச்சான்?"

"கடைசித் தேதி நெருங்கிருச்சு மாப்ளே. அதான் எழுதிப் போட்டேன். அடுத்த தடவ நீ ஓட்டு."

"அடுத்த தடவன்னு ஒண்ணு இருந்தாத்தான? நீங்க ஓட்டுனா மொத வளைவுலயே வண்டி வயல்லதான் கெடக்கும். எழுதி வச்சுக்கோங்க."

பட்டறையில் வேலை பார்த்த இரண்டு பேரும், தண்டு கடைய வந்திருந்த சோழபுரத்து விவசாயி ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் திரும்பி லேத்தைப் போட்டார். பரிசோதனைக்கு முன்பு தடத்திலேயே ஓட்டுநர் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று படிவத்தோடு வந்த விதிமுறைத் தாளில் ஒரு வரி இருந்தது. அவர் மனசு மாறும் என்று அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

கடைசி வாரம் வேலை சரியாக இருந்தது. வியாழக்கிழமை நான்கு பிரேக் டிரம்களையும் மச்சான் லேத்தில் ஏற்றி, உள்பக்கத்தை லேசாகக் கடைந்து கொடுத்தார். இரும்பு வெள்ளி போல் மின்னியது. லைனிங்கும் புதுசு. மாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அப்போது நான் செய்ததை மில்லுக்காரன் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மில்லில் இரும்பு வெறுமனே இருக்கக்கூடாது. கழற்றித் துடைத்த எந்தப் பாகத்தையும் பஞ்சு வேஸ்ட்டில் எண்ணெய் நனைத்து ஒரு கை தடவித்தான் கீழே வைப்போம். இல்லையென்றால் மறுநாள் காலையில் துரு பிடித்து நிற்கும். மேஸ்திரி நாள் முழுக்கப் பேசுவார். ஆயுத பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். மில் முழுவதும் எண்ணெய் தடவி மினுமினுக்கும். பத்து வருஷம் அப்படியே பழகிய கை. வானம் வேறு மூடிக்கொண்டு இருந்தது. அடுத்த நாள் வண்டிக்குப் பூஜை. பையிலிருந்த மில்லின் ஸ்பிண்டில் ஆயிலை வேஸ்ட்டில் நனைத்து, கடைந்த டிரம்களின் உள்பக்கத்தில் நாலு சுற்று துடைத்து மாட்டினேன். பிரேக்கின் முழு வேலையும் லைனிங் அந்த இரும்பைக் கவ்விப் பிடிப்பதுதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த மண்டை வேறு எங்கோ இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் பூஜை. அக்கா சூடம் காட்டினாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இஞ்சின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மச்சான் மெதுவாக நசுக்கி ஓட்டினார். அந்த வேகத்துக்கு வண்டி நின்றது. "செத்த தூரம் ஓட்டிப் பாத்துட்டு வாரேன்" என்று கிருஷ்ணன்கோவில் சாலையில் திருப்பினார். நான் மொபெட்டில் பின்னால் போனேன்.

சத்தம் கேட்பதற்குச் சுகமாக இருந்தது. சாலையோரத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் ஒரு கல்லூரி பஸ் மாணவர்களை ஏற்றிக்கொள்ள நின்றது. மச்சான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏன் குறைக்கவில்லை என்று நான் யோசிப்பதற்குள் வண்டி இடப்பக்கமாகத் திரும்பி, சாலையை விட்டு இறங்கி, நடவுக்குத் தொளி அடித்துச் சேறாக்கிப் போட்டிருந்த வயலுக்குள் அச்சு முங்க நின்றது.

மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகமெல்லாம் சேறு. பஸ்ஸிலிருந்து இறங்கிய மாணவர்கள் சிரித்துக்கொண்டே வண்டியைத் தூக்கிக் கரையேற்றினார்கள். எதிரே டீக்கடைக்காரர், "இதுக்கெல்லாம் பிரேக்கு சரிப்படாதுய்யா. தேருக்குப் போடுற முட்டுக்கட்டையத் தூக்கிட்டுப் போங்க" என்றார். எல்லாரும் இன்னொரு தடவை சிரித்தார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. என் பையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, அங்கேயே ஒரு சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மை உருவி, உள்ளே விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

"இது மில்லு எண்ணெய்ல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை ஆட்டினேன்.

"வேணும்னு செஞ்சியா?"

கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொல்வதில் எனக்கு இணையே கிடையாது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், அவர் அப்படிக் கேட்டுவிட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது.

"ஆமா, வேணும்னுதான் செஞ்சேன். உங்கள வயல்ல தள்ளி அக்காவ முண்டச்சியாக்கணும்னு பாத்தேன். போதுமா?"

அவர் டிரம்மைத் திரும்பச் சொருகினார். பிறகு சக்கரத்தை மாட்டினார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். நான் சொன்ன அந்த வார்த்தையை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

மச்சான் மறைக்கவில்லை, நடந்ததை அப்படியே அக்காவிடம் சொன்னார். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நீ சொன்னது எனக்குக் கேட்டுப் போச்சு. அதுக்கு ஒனக்குப் பொறவு இருக்கு." பிறகு மச்சானிடம், "இவன் எங்க வீட்டுல அரிவாமனைக்கே எண்ண தடவி வைக்கிற பய. காய்கறி பூரா மெஷின் எண்ண வாடை அடிக்கும். திட்டம் போட்டுக் கெடுக்குற அளவுக்கு மூள இருந்தா இன்னேரம் இவன் மில்லுல மேஸ்திரி ஆயிருக்க மாட்டானா?" என்றாள்.

மச்சான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "லாரி நாளைக்குக் காலம்பற வருது. லைனிங்க மாத்து" என்றார். அவ்வளவுதான்.

எண்ணெய் குடித்த லைனிங் எதற்கும் உதவாது. லைனிங் அடித்த எட்டு பிரேக் ஷூக்களையும் சாக்கில் போட்டு ராஜபாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லைனிங் அடிக்கும் கடைக்காரர் தெலுங்கு பேசும் வீட்டுக்காரர். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், "ஏமிரா இது, நெய்யில வறுத்துக் கொண்டாந்தியா?" என்றார். மற்ற நாளாக இருந்தால் அவரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு ரிவிட்டாக அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்களைப் பெட்ரோலில் மூன்று தடவை கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் கறை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாட்டி முடித்துவிட்டுத் தெருவில் பத்துத் தடவை ஓட்டி நிறுத்தினேன். நின்றது. மச்சான் பட்டறைக்குள்ளேதான் இருந்தார், வெளியே வந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில், நூல் மூட்டை ஏற்றிச் சென்னை போகும் லாரியில் பின்பக்கம் இடம் ஒழித்துக் காரை ஏற்றினோம். டிரைவர், மச்சான், நான் மூன்று பேரும் முன்னால். பேசியது முழுக்க டிரைவர்தான். மச்சானுக்கு என்மேல் கோபம் மட்டும் என்றால் எனக்குக் கவலை இல்லை. கோபம் மழை மாதிரி, பெய்தால் விட்டுவிடும். நான் வேண்டுமென்றே செய்திருப்பேனோ என்ற எண்ணம் அவருக்குள் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால்? என் வாயாலேயே ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைத்தான் வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன். யார் ஓட்டுவது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஞாயிறு காலை தடத்தில் இருபது வண்டிகள் இருந்திருக்கும். எல்லாம் பளபளவென்று கடையில் வாங்கியவை. எங்களுடையதைத்தான் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பரிசோதிப்பவர் குழாய்களைத் தட்டிப் பார்த்தார், இருக்கை பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், பிரேக்கை மிதித்து நான்கு பேரைத் தள்ளச் சொன்னார். வண்டி அசையவில்லை. கேன் இருக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மச்சான் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார்.

"நீ ஓட்டு."

"படிவத்துல உங்க பேருல்ல இருக்கு?"

"காலைலயே மாத்திட்டேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தார். "பிரேக்க மாட்டுனது நீதான? நீயே ஓட்டு."

மூன்று வருஷமாக நான் கேட்டது அது. கைக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பயந்து கொடுத்தார். வண்டிக்குப் பயப்படும் ஆள் இல்லை அவர். என் கை வேலைக்குப் பயந்தார்.

மறுத்தால் பிரேக் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். ஏறி உட்கார்ந்தேன்.

அந்த ஐந்து சுற்றுகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேகமாகப் போனேனா என்று கேட்டால், நேர்ச்சாலையில் போனேன். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவோ முன்னாலேயே பிரேக்கை முழுசாக மிதித்தேன். தேவையே இல்லாத இடத்திலும் மிதித்தேன். டயர் கிறீச்சிட்டது, மூக்கு குனிந்தது, பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். மச்சான் நின்ற கம்பி வேலிக்கு நேர் எதிரே, ஐந்து சுற்றிலும், வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே விட்டேன். ஓட்டத் தெரியாத எவனோ வந்திருக்கிறான் என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினேன். மச்சான் வேகமாக வந்தார்.

"எதுக்குலே அங்கங்க நின்னு நின்னு போன? அம்புட்டு வண்டியும் ஒன்னத் தாண்டிப் போகுது. மூணு வருசம் இதுக்கா ஒழைச்சோம்?"

"பிரேக்கு பிடிக்குதுன்னு நீங்க பாக்கணும்ல மச்சான்."

அவர் முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கையை டிரம்மின் அருகே கொண்டுபோய், சூடு பொறுக்காமல் இழுத்துக்கொண்டார்.

"பாத்தேன் மாப்ளே" என்றார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிடவே இல்லை.