தட்டினால் புள்ளி

ஆங்கில வாக்கியத்தின் முடிவில் எங்கே புள்ளி வைக்க வேண்டும், எங்கே கேள்விக்குறி, எங்கே ஆச்சரியக்குறி என்பது இருபத்தொரு வயதில், டீச்சர் வேலைக்கு வந்த பிறகும், எனக்கே உறுதியாகத் தெரியாது. இன்று இதைச் சொல்ல வெட்கமில்லை. அன்று இருந்தது. அதனால் யாரிடமும் கேட்காமல் நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வழி ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். இரணியலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே, சபைக் கோயிலை ஒட்டி இருந்த மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். நாகர்கோவிலில் போர்டிங்கில் தங்கிப் படித்தவள் என்பதால் ஆங்கிலம் என் தலையில் விழுந்தது. மேல் வகுப்பில் பதினேழு பெண்கள். பனையேறுகிறவர்களின் பிள்ளைகள், சின்னக் கடைக்காரர்களின் பிள்ளைகள், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரின் மகள் ஒருத்தி. எல்லாருக்கும் எழுத்து முத்துமுத்தாக வரும். எழுதியது எங்கே முடிகிறது என்பது மட்டும் ஒருத்திக்கும் தெரியாது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் கேள்வி என்பது சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ‘வந்தியா’ என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு கொக்கி எதற்கு? என் அப்பா எனக்குப் போர்டிங்குக்கு எழுதிய கடிதங்களில் ஒரு புள்ளிகூட இருந்ததில்லை. மாடு கன்று போட்டது, சித்தப்பாவுக்குக் காய்ச்சல், ஜெபம் செய், எண்ணெய் தேய்த்துக் குளி எல்லாம் ஒரே மூச்சில் ஓடி, ‘இப்படிக்கு’ என்ற இடத்தில்தான் நிற்கும். எனக்கு ஒரு நாளும் புரியாமல் போனதில்லை.

ஆனால் டிக்டேஷன் பரீட்சைக்கு அப்பாவின் கடிதமா உதவும்? வருஷத்துக்கு ஒரு தடவை மிஸ்ஸியம்மா வந்து, தானே வாசித்து எழுதச் சொல்லுவார். வெள்ளைக்காரி, ஆனால் தமிழில் பைபிள் மாதிரி பேசுவார். சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பள்ளிக்கூடங்கள். எட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண்ணுக்கு, நாகர்கோவிலில் ஹைஸ்கூல் படிக்க, சாப்பாடும் படுக்கையும் இலவசமாகக் கிடைக்கும். குறி தப்பினால் அரை மார்க் போகும். நான் வந்த புதிதில் எங்கள் பிள்ளைகள் கடுகைத் தாளித்து விட்ட மாதிரி தாள் முழுக்கப் புள்ளியைத் தெளித்து வைத்திருந்தார்கள். பெரிய டீச்சர் அந்தத் தாள்களை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்ன செய்தேன் என்றால், உருட்டு ரூல்தடியைக் கையில் எடுத்தேன். வாசிக்கும்போது வாக்கியம் முடிகிற இடத்தில் மேசையில் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் புள்ளி. இரண்டு என்றால் கேள்விக்குறி. மூன்று என்றால் ஆச்சரியக்குறி. இரண்டே வாரத்தில் வகுப்பு திருந்திவிட்டது. பதினேழு தாளிலும் ஒரு குறி தப்பவில்லை. பெரிய டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “உனக்குக் கைராசிதான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிஸ்ஸியம்மா தட்ட மாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ரூல்தடியை உள்ளே வைத்துவிட்டு, அர்த்தம் சொல்லி, நிறுத்தி வாசித்துப் பழக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மாதம் வந்தது. தட்டாமல் ஒரு நாள் வாசித்துப் பார்த்தேன். தாள்கள் பழையபடி ஆயின. மனசு கேட்கவில்லை, மறுநாள் ரூல்தடியை எடுத்துவிட்டேன். சோம்பல் என்று சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். இரண்டும்தான்.

அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி பனையேறுகிறவரின் மகள். பள்ளிக்கூடத்தில் தாமதமாகச் சேர்ந்தவள், வயது பதினைந்து ஆகியிருந்தது. அந்த ஒரு இடம் எங்கள் பள்ளிக்கு வருமானால் அது அவளால்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுடைய மாமன் மகன் மார்த்தாண்டம் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்தான். பெண் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்தாயிற்று. அவளுடைய அப்பா முரடர் இல்லை. “மிஸ்ஸியம்மா எடுத்தா எனக்க மவ படிக்கட்டும் டீச்சரே. எடுக்கலேன்னா மச்சினனுக்கு நான் வேற பதில் சொல்ல முடியாது” என்று என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். நியாயமான பேச்சுதான். நானும் தைரியமாகத் தலையாட்டினேன்.

எட்டுப் பள்ளிகளில் எங்களுக்குத்தான் கடைசிப் பரீட்சை. அன்று காலையில் மிஸ்ஸியம்மாவின் வில்வண்டி வந்து நின்றது. இறங்கினவரைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஐயோ பாவம் என்றுதான் நினைத்தேன். போன வாரம் பங்களாப் படியில் கால் பிசகிவிட்டதாம். வலது கையில் ஒரு கைத்தடி. தடியின் நுனியில் இரும்புப் பூண்.

எங்கள் வகுப்பறைத் தரை கல் பாவியது.

அவர் புத்தகத்தை விரித்து முதல் வரியை வாசித்தார். ஒரு வியாபாரியையும் அவன் ஒட்டகத்தையும் பற்றிய கதை. நாலு சொல் வாசித்தார், ஒரு அடி எடுத்து வைத்தார். ‘டொக்’ என்றது தடி. பதினேழு பேனாவும் ஒன்றாகக் குனிந்து புள்ளி வைத்தன.

பரீட்சை நடக்கும்போது வகுப்பு டீச்சர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. வாசலில் நின்றபடி நான் அதைப் பார்த்தேன். இன்னும் மூன்று சொல், இன்னொரு டொக். வியாபாரி, புள்ளி. தன் ஒட்டகத்தை, புள்ளி. சுவர் அருகே போய்த் திரும்பும்போது காலை ஊன்ற முடியாமல் தடியை இரண்டு தடவை போட்டார். வியாபாரி ஆற்றைக் கண்டதற்கு ஒரு கேள்விக்குறி விழுந்தது. ஜன்னல் பக்கம் தடுமாறி மூன்று தடவை ஊன்றினார். உபதேசியாரின் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு அழகாக ஓர் ஆச்சரியக்குறி போட்டதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

விதியாவது ஒன்றாவது என்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். “அம்மா, காலுக்கு ஆகாது. உட்கார்ந்து வாசியுங்கள்” என்றேன்.

“உன் தயவுக்கு ஸ்தோத்திரம்” என்று சிரித்தார். “வைத்தியர் என்னை நடக்கும்படி கட்டளையிட்டிருக்கிறார். மேலும் நடந்தால் அல்லவோ பிள்ளைகள் பார்த்து எழுதாதபடி காக்க முடியும்?”

நாற்காலியோடு திரும்பி வந்தேன். அவருடைய காலைப் பார்த்து, ‘தடியை ஊன்றாதீர்கள்’ என்று எந்த வாயால் சொல்லுவது? சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று பதினேழு பிள்ளைகளின் முன்னாலும், மேற்பார்வைக்கு உள்ளே நின்ற பெரிய டீச்சரின் முன்னாலும் சொல்ல எனக்கு அன்று துணிவில்லை. இதுதான் உண்மை. விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு இத்தனை வருஷம் இருந்தேன்.

நடுவில் ஒரு தடவை, பனையேறுகிறவரின் மகள் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். பேனா தாளின் மேலே நின்றது. அவள் கண்ணில் கேள்வி தெளிவாக இருந்தது. நான் வேகமாகத் தலையை ஆட்டினேன், வைக்காதே, வைக்காதே என்று. அவள் முகம் சிவந்துபோய்க் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒழுங்காக ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு மிஸ்ஸியம்மா போகும்போது, “உன் பிள்ளைகளுக்கு வாக்கியம் என்பது இன்னதென்று தெரியவில்லை. இது எனக்கு மிகவும் துக்கம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மட்டும் போகாமல் நின்றாள்.

“ஏட்டி, வீட்டுக்குப் போகலியா?”

“டீச்சரே, மிஸ்ஸியம்மா தட்டுன எடம் பலதும் சரியில்லதானே? அங்க வாக்கியம் முடியலேன்னு எனக்குத் தோணிச்சு.”

“தோணிச்சுதுன்னா பின்ன ஏன் வச்ச?”

“அதுக்குத்தான் ஒங்களப் பாத்தேன். நீங்க தலைய ஆட்டுனிய. பரீட்சையில அங்கயும் இங்கயும் பாக்காதன்னு சொல்லுதியன்னு நெனச்சேன்.” என்னோடு சேர்ந்து ஒரு ஜன்னல் கதவைச் சாத்தினாள். “பெரியவிய தட்டுனா, நமக்குத் தெரியாத காரியம் வல்லதும் இருக்கும்னு வச்சேன்.”

அவள் அழவில்லை. எனக்குத்தான் ஜன்னல் கொக்கி கண்ணுக்குத் தெரியவில்லை. வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் காது கொடுத்துக் கேட்டு, வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. அந்த அறிவை அமுக்கி வைத்தது ஒன்றுதான் என் போதனை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியம்மாவின் பங்களாவுக்கு நாலு மைல் நடந்தே போனேன். அவர் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். ரூல்தடியிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தாள்கட்டை எடுத்துவரச் சொல்லி, அவள் தாளை உருவி, மடியில் வைத்து மெதுவாக வாசித்தார்.

“ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை” என்றார்.

“அதனால்தான் வந்தேன் அம்மா.”

“நீ நேற்று முன்தினம் வந்திருந்தால்!” என்றார். மேற்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்து நேற்றே ஆள் போய்விட்டதாம். தகப்பன் இல்லாத பிள்ளை. சபையில் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்குப் பாயும் பெட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். “இருப்பது ஒரே இடம். திரும்பக் கொடு என்று நான் அந்தப் பிள்ளையிடம் சொல்லலாமா? நீ போய்ச் சொல்லுவாயா?”

அவள் தாளை எடுத்துத் தாள்கட்டுக்குள் திரும்பச் சொருகினேன். அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லையே. மிஸ்ஸியம்மாவும் செய்யவில்லை. அடுத்த வருஷம் இவளும் பரீட்சை எழுதலாம், வயதைப் பார்க்க மாட்டேன் என்று எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா அப்போதுதான் பனையிலிருந்து இறங்கி, கைகால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். என்மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

“டீச்சர் இவ்வளவு தூரம் நடந்து வந்தியளே, அது போரும். ஆனா நான் மச்சினனுக்கு வாக்குக் குடுத்தாச்சு. இனி ஒரு வருஷம் பொறுங்கன்னு எந்த மொகத்த வச்சு சொல்லுவேன்?” என்றார்.

உள்ளே அடுப்படியில் அவள் நிற்பது தெரிந்தது. பதநீர் காய்ச்சுகிற புகைக்கு நடுவே வெளியே வரவில்லை. அவள் அம்மை கொண்டுவந்து தந்த பதநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது, இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்டு, கொஞ்சம் நிறுத்துவார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, ஆகாத உறவா என்பதற்காகக் கேட்கிற கேள்வி அது. யாரும் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். இரண்டாம் ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஓலை வாசிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறு பெரிய டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டதால் போக வழியில்லை. பெண்கள் பக்கத்தில், எனக்கு இரண்டு வரிசை முன்னால், பாயில் அவள் அம்மையோடு இருந்தாள். பாஸ்டர் ஓலையை வாசித்தார். தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டு நிறுத்தினார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு தடை தெரியும். இந்தப் பெண் படிக்க ஆசைப்படுகிறாள், படிக்கத் தகுந்தவள், இதைக் கெடுத்தவள் நான். ஆனால் சபை கேட்கிற தடை அது இல்லை. என் கைகள் மடியில் இருந்தன, நான் அசையவில்லை. பாஸ்டர் ஓலையை மடித்து வைத்துவிட்டுப் பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்து, பாட்டை முழுவதும் பாடினேன்.