ஏழாவது வீட்டு வட்டலப்பம்

ஆண்டவர் என்னை வெட்கப்படாமல் காத்தார் என்று சொல்ல மாட்டேன். நல்லா வெட்கப்படுத்தி, அதற்குப் பிறகுதான் காத்தார். அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

போன வருஷம் நோன்புப் பெருநாள். கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடையில் ஒரு முடுக்கில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வயசான மனுஷரைக் கொன்றுவிட்டேன் என்று நம்பி அழுதேன். கையில் புதுச் சேலை முந்தானை, வயிற்றில் ஆறு கிண்ணம் வட்டலப்பம்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. மிளகுக் கொடியில் வரும் வேரழுகல் நோயை ஆராய்ச்சி பண்ண இலங்கைக்குப் போனேன். நஸீர் நானா வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. நானா, அவர் மனைவி பளீலா ராத்தா, நானாவின் வாப்பா, மூன்றே பேர். அங்கே அண்ணன் நானா, அக்கா ராத்தா, அப்பா வாப்பா. முதல் நாள், "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்" என்றேன். ராத்தா காதில் "டாக்டர்" மட்டும் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டம்மா வந்து நாக்கை நீட்டினார்கள்.

"நான் செடிக்குத்தான் டாக்டர்" என்றேன். "பெருமையில்லாத புள்ள" என்றார்கள். அடுத்து வந்தவர் முழங்காலைக் காட்டினார். இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வலி குறைந்துவிட்டது. அதோடு தொலைந்தேன். உண்மையைச் சொல்லணும், அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

பெருநாள் காலையில் வீடே அத்தர் வாசம். ஆண்கள் தொழுகைக்குப் போய் வந்தார்கள். அடுப்படியில் ராத்தாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. வாப்பாவின் இன்சுலின் ஊசியை என் கையில் வைத்து, "டொக்டர், நீங்க ஈக்கக்குள்ள எனக்கென்ன கவலை? இதைக் கொஞ்சம் போட்டுடுங்கோ" என்றார்கள்.

தினமும் அவர்கள் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு என்றும் தெரியும். அப்போதாவது "எனக்குத் தகுதி இல்லை ராத்தா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாப்பாவுக்குக் காது மந்தம். ஊசியைப் பார்த்து, "இன்னும் ஒண்டா?" என்று கேட்டார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டேன். அவரும் வெளியே கிளம்புகிற அவசரத்தில் கையை நீட்டிவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து நஸீர் நானா வந்தார். "வாப்பாவுக்குக் காலை நாஷ்டா குடுத்தாச்சா? சுபஹுத் தொழுகைக்குப் பொறகு நானே ஊசி போட்டுட்டன். ரெண்டு பேரீச்சம்பழம்தான் திண்டார்."

நான் உண்மையைச் சொன்னேன்: "நானும் போட்டேன் நானா."

ராத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். வாப்பா வீட்டில் இல்லை. அவர் போன் சார்ஜரில் கிடந்தது. சீனி குறைந்து எங்கேயாவது மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

நானா மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசல் பக்கம் போனார். ராத்தா தன் தங்கச்சி வீட்டுப் பக்கம். எனக்குக் கீழ் முடுக்கு.

பெருநாள் அன்றைக்கு அந்த ஊரில் ஒருவரை அவசரமாகத் தேட முடியாது, சகோதரிகளே. முதல் வீட்டு வாசலில், "வாப்பா வந்தாரா?" என்றேன். "வரல்லயே. டொக்டர் வந்தீக்காங்க! இருக்கக் கதிரை கொண்டாங்கோ!" தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி சேர்த்து அவித்த வட்டலப்பம் ஒரு கிண்ணம் கைக்கு வந்துவிட்டது. "பெருநாளும் அதுவுமா வாய் நனைக்காமப் போற?" என்று வாசலை மறித்துவிட்டார்கள். விளக்கம் சொல்வதைவிட விழுங்குவது சீக்கிரம். விழுங்கினேன், ஓடினேன். ஆறு வீடு. ஆறு கிண்ணம். வாப்பாவை ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஆறாவது வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அழகாக ஜெபிக்க வரும். சபையில் முடிவு ஜெபம் எப்போதும் நான்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: "ஆண்டவரே, நான் டாக்டர் இல்ல. உமக்குத் தெரியும். பொய்யா மரியாதை வாங்கித் தின்னேன். அதுக்கு அவரைத் தண்டிச்சிராதேயும். எங்க இருந்தாலும் அவர் வாயில கொஞ்சம் இனிப்பு வையும்."

எழுந்து ஏழாவது வீட்டுக்குப் போனேன். நான் கதவைத் தட்டுமுன்னே உள்ளே ஒரு பெண் குரல்: "டொக்டர் வாறா! ஒளிங்கோ வாப்பா, ஒளிங்கோ!"

உள்ளே பாய்ந்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரண்டி கிண்ணத்தில் உரசுகிற சத்தம். கதவை இழுத்தேன். வாப்பா நின்றுகொண்டிருந்தார். தொப்பி சரிந்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கை லேசாக நடுங்கியது. தாடியில் வட்டலப்பம். பக்கத்தில் காலிக் கிண்ணங்கள் மூன்று. நாலாவது கையில்.

"மகனுக்குச் செல்லாதீங்கோ மகள்" என்றார், பிடிபட்ட முகத்தோடு.

நான் அழுதுகொண்டே கத்தினேன்: "சாப்பிடுங்க வாப்பா! இன்னும் சாப்பிடுங்க!"

அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அஞ்சாவது கிண்ணம் எடுத்து வந்தார்.

த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீனியைப் பார்த்த டாக்டர், நிஜ டாக்டர், "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். சொன்னோம். "அது இல்லாட்டி இந்நேரம் நினைவில்லாமக் கிடப்பார்" என்றார். மத்தியானம் வரைக்கும் படுக்க வைத்து, மணிக்கொரு தரம் பார்த்து அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நஸீர் நானாவிடமும் ராத்தாவிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். ராத்தாதான் பேசினார்கள். "நீங்க ரெண்டு தரம் செல்லித்தானே ஈந்தீங்க. கேக்காதது நாங்க. இனி ஊசியில மட்டும் கை வைக்காதீங்கோ."

வீட்டுக்கு வந்ததும் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் சோறு, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது. எனக்கும் இடம் விட்டார்கள். வாப்பா, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று கையேந்தினார். நான் என் ஆண்டவருக்கு நன்றி சொல்லித் தலை குனிந்தேன். தலையை நிமிர்த்தியபோது, தட்டில் இருந்த பெரிய இறைச்சித் துண்டை வாப்பா என் பக்கம் தள்ளி வைத்திருந்தார்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு பழக்கம். தெரியாததைத் தெரியாது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். சபையிலே முடிவு ஜெபம் கேட்டால் சின்னதாக முடித்துவிடுகிறேன். சிலருக்கு ஏமாற்றம்தான்.

உங்களில் யாராவது, இவ்வளவு தப்பு பண்ணிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தால், தயங்காதீர்கள். அழுத முகத்தோடு கேளுங்கள். அரைகுறை வார்த்தையில், மூச்சு வாங்கிக்கொண்டு, தெருப்படியில் உட்கார்ந்து கேளுங்கள். நாம் கேட்டு முடிக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை; அதற்குள்ளேயே இனிப்பை வாயில் வைத்துவிடுகிறார்.