சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போட்ட கதிரை

கந்தோரில் எங்களோடு வேலை செய்த மல்காந்தி எனக்குப் போன் பண்ணியபோது நான் கொட்டாஞ்சேனையில் பொதுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எங்கள் மிஸ் விடியற்காலையில் போய்விட்டார் என்று சிங்களத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னாள். தண்ணீர் வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து குழாயை மூடினாள்.

வெள்ளவத்தையில் ஈஸ்வரி மிஸ்ஸின் வீட்டு வாசலில் நானும் நின்றேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். இரங்கல் பேசிய பெரியவர் ஒருவர், சுங்க இலாகாக் கந்தோருக்குக் கொம்பியூட்டர் கொண்டுவந்த பெரிய மனிதர்களையெல்லாம் பெயர் பெயராகச் சொன்னார். கடைசியில், "அம்மணியும் அதற்கு ஒத்தாசையாக இருந்தவர்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினீர்கள்.

ஒத்தாசையா? நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவள். அந்தக் கந்தோரில் கூட்டித் துடைத்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லாமல் என்னால் அவருக்கு அழ முடியாது.

கொம்பியூட்டருக்கு முன் சுங்க வேலை எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கப்பலில் வந்த சாமானை வெளியே எடுக்க, ஏஜென்டின் கிளார்க் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடப்பார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மரியாதை. ஒருவருக்குக் கேக், ஒருவருக்குப் புரியாணிப் பார்சல். எந்தக் கொன்டெய்னரைத் திறந்து பார்ப்பது, எதைச் சும்மா விடுவது என்பதையும் மேசைதான் முடிவு செய்யும். புதிய மெஷின் வந்தால் பைல் நடக்கத் தேவையில்லை. திறப்பதா விடுவதா என்பதை அது சிவப்பு, பச்சை என்று நிறத்தில் காட்டிவிடும். மேசைகளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவேண்டுமா?

மெஷின் வைக்க ஏ.சி. போட்ட ஒரு அறை கட்டினார்கள். ஈஸ்வரி மிஸ்தான் பொறுப்பு. மல்காந்தியையும் வேறு சில பிள்ளைகளையும் வைத்து இரவு பகலாகப் பழக்கியது அவர். தூசு மெஷினுக்கு ஆகாது என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னதால், சப்பாத்தைக் கழற்றாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் வைத்தார். வாசலில் சப்பாத்து வைக்க மரத் தட்டு ஒன்று அடித்து, பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையும் போட்டு என்னை உட்கார வைத்தார். பெரிய பெரிய உத்தியோகத்தரெல்லாம் கோயிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு போனார்கள்.

முதல் நாள் வந்த கிளார்க்குகளில் ஒருவர் முஸ்லிம் மனிதர். நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். பழக்க தோஷத்தில் அவர் வட்டிலப்பம் ஒரு சட்டி கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"மிஸ், இந்தப் புது சேருக்கு என்ன விருப்பம்னு தெரியல்ல. அதான் இனிப்பாக் கொண்டுவந்த" என்றார்.

மிஸ் சிரிக்காமல் சொன்னார். "நானா, இவருக்குத் தூசு மட்டும்தான் பிடிக்காது. வேறை ஒண்டும் கேக்கமாட்டார். சட்டியை ராணியிட்டைக் குடுங்கோ."

அன்று வாசலில் இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டது நான்தான்.

சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்றவர் ஒரே ஒருவர். வெள்ளை யூனிஃபோர்முக்குப் பொருத்தமாக வெள்ளைச் சப்பாத்துப் போட்டு, அதற்குத் தினமும் சுண்ணாம்பு மாதிரி ஏதோ பூசி வருவார். பெயர் வேண்டாம், வெள்ளைச் சப்பாத்துச் சேர் என்றே எழுதுகிறேன். மிஸ்ஸுக்கு மேலதிகாரி. ஒரு தமிழ்ப் பொம்பிளை சொல்லி நான் காலைக் காட்டுவதா என்று என் காது படவே சொன்னவர். வேலை ஏதும் இருந்தால் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்துவார். மிஸ் எழும்பிப் போகமாட்டார். இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லுவார்.

பிறகு கொழும்புக் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உதிர்ந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் தமிழ் ஆட்களுக்கு என்ன நாட்கள் வந்தன என்று நான் எழுதத் தேவையில்லை. ஐடென்டிட்டி கார்டும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் கடைக்குப் பாண் வாங்கவும் போகமுடியாது. எந்தக் கப்பலில் என்ன வருகிறது என்று தெரிந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தமிழச்சி இருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. பொலிஸ் வந்தபோது வாசலில் நின்று விரலை நீட்டிக் காட்டியவர் காலில் வெள்ளைச் சப்பாத்து இருந்தது மட்டும் தெரியும்.

பூட்ஸ் போட்டவர்கள் மூன்று பேர், தோளில் துவக்கோடு. மிஸ் திரையிலிருந்து கண்ணை எடுத்து, சிங்களத்தில், அவசரப்படாமல் சொன்னார்.

"சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள். தூசு உள்ளே போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் துறைமுகம் நிற்கும். பிறகு அதையும் தமிழ் ஆள்தான் செய்தது என்பீர்கள்."

பிறகு மூத்தவர் குனிந்து நாடாவை அவிழ்த்தார். மற்ற இரண்டு பேரும் அவிழ்த்தார்கள். ஒருவருடைய காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே தெரிந்தது. மல்காந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பூட்ஸுகளையும் நான் தட்டில் ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

மிஸ்ஸை ஜீப்பில் கொண்டுபோய், விசாரித்து, ஒன்றும் இல்லை என்று பின்னேரம் விட்டார்கள். அடுத்த நாள் காலையில் வழக்கம் போல வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். வெள்ளைச் சப்பாத்துச் சேர் வழியை மறித்தார். இன்றிலிருந்து மிஸ்ஸுக்கு இங்கே வேலை இல்லை, கீழே பழைய பைல் அறைக்குப் போகட்டும் என்றார். மல்காந்தியை மிஸ்ஸின் கதிரையில் இருக்கச் சொல்லியாயிற்று என்றார்.

"எழுத்தில் தாருங்கள்" என்றார் மிஸ். "தமிழச்சி என்பதால் என்று காரணத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். இப்போதே போகிறேன்."

அவர் எழுதித் தராமல் போய்விட்டார். மிஸ் என்னைப் பார்த்தார்.

"ராணி, கொஞ்சம் தள்ளி இரும். எனக்கும் இடம் விடும்."

"மிஸ், நீங்க இங்கன உக்காரக் கூடாது. இது செருப்பு வைக்கிற எடம்."

"ஏன், நீர் இருக்கேல்லையோ? நானாய் எழும்பிக் கீழை போனால், தானாய்ப் போனவ எண்டு சொல்லுவினம். எழுத்து வரட்டும், அதுவரைக்கும் இங்கை இருப்பம்."

இருந்தார். அடுத்து வந்த நாட்கள் முழுக்க என் வாங்கில், சப்பாத்து நாற்றத்துக்கு நடுவில், நெற்றியில் திருநீறோடு நிமிர்ந்து இருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவருக்கு முன்னால் குனிந்துதான் சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. மெஷின் முரண்டு பிடித்தால் பிள்ளைகள் ஓடி வந்து கேட்பார்கள், அவர் சொல்லிக்கொடுப்பார். பயமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "பயம்தான். அதுக்காக எழும்பேலாது" என்றார்.

ஒரு காலையில் மல்காந்தி உள்ளேயிருந்து மிஸ்ஸின் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். அது மிஸ்ஸினுடையது, அதில் நான் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய், நின்றபடியே வேலை செய்தாள். வெள்ளைச் சப்பாத்துச் சேர் கத்தினார். அவள் நின்றாள். மத்தியானமும் நின்றாள். மறுநாளும் நின்றாள். அவள் அப்போது கலியாணமாகிப் பிள்ளைத்தாய்ச்சி. இதை மறந்துவிடாதீர்கள். குண்டு வெடித்த மாதத்தில் ஒரு சிங்களப் பிள்ளை ஒரு தமிழ் மிஸ்ஸுக்காகக் கால் வீங்க நின்றாள்.

அந்தக் கிழமை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மெஷினைக் காட்டச் சுங்கத்தின் பெரிய தலைவர் வந்தார். என் முன்னால் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது கதிரையில் மிஸ்ஸைக் கண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று தட்டச்சு செய்கிற பிள்ளையைக் கண்டார். இங்கே ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எழுத்துக்காகக் காத்திருக்கிறேன், சேர்."

"என்ன எழுத்து?"

மிஸ் சொன்னார். தலைவர் பின்னால் திரும்பி, அதை எழுதத் தயாரா என்று வெள்ளைச் சப்பாத்துச் சேரிடம் கேட்டார். அவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் கதிரையை உள்ளே எடுத்துப் போங்கள் என்றார் தலைவர். நான் எழும்பினேன். "இல்லை ராணி, நீர் தூக்காதையும்" என்று மிஸ் என்னைத் தடுத்தார். வெள்ளைச் சப்பாத்துச் சேர்தான் தூக்கினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் தூக்கினார்.

பெரியவரே, இதற்குப் பெயர் ஒத்தாசை இல்லை.

மிஸ் வைத்துவிட்டுப் போனதில் எனக்குக் கிடைத்தது எது என்று கேட்டால், புடவையோ படமோ இல்லை. போன மாதம் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு வரிசைக்கு ஏதோ அரசாங்கக் கந்தோர்க்காரர் இரண்டு பேர் வந்தார்கள். இடம் தேவையாம், சீக்கிரம் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமாம். வாயால்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே பெட்டி கட்டத் தொடங்கினாள். நான் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுத்துல தாங்க மஹத்தயா. காரணத்தையும் எழுதுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே மிஸ்ஸின் குரல் மாதிரிக் கேட்டது. மிஸ் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொன்னபோது, பேச முடியாமல் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பக்கத்து வீட்டுக்காரி பெட்டியை அவிழ்த்துவிட்டாள். எழுத்து இன்னும் வரவில்லை. கதிரை வாசலில்தான் கிடக்கிறது.