யப்பான் குங்குமம்

சங்கானை வான் வாங்கிய நாளிலிருந்து நானும் மன்னாரும் பஸ் ஏறியதில்லை. சங்கானை, மன்னார் என்பவை ஊர்கள்தான். ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் ஊரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் கேட்டால்தான் ஞாபகம் வரும். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபிறகு மூவரும் மோர்னிங்சைட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருக்கிறோம். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போவதும், மன்னாருடைய மாதா கோயிலுக்குப் போவதும், கண் டொக்டரிடம் போவதும், செத்த வீட்டுக்குப் போவதும் அந்த வானில்தான். எங்கள் வயதில் செத்த வீட்டு ஓட்டம்தான் அதிகம்.

போன மாசியில் சங்கானை ஒரு கடைவாசலில் வானைக் கம்பியோடு உரசிவிட்டார். அவருடைய மகள் வந்து கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இன்னொரு கீறல் கண்டனெண்டால் வான் திறப்பு என்னட்டை, ஓட்டம் முடிஞ்சுது."

அவள் சொன்னால் செய்கிறவள். தாயும் அப்படித்தான். ஒருமுறை கறிக்கு உப்புக் கூட என்று சங்கானை சொன்னதற்கு ஒரு கிழமை உப்பில்லாமல் சமைத்தவ. அதை விடுவம்.

சங்கானைக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. பிள்ளையார் கோயிலில் வானுக்குப் பூசை செய்வித்தார். மன்னார் மாதா கோயிலிலிருந்து போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து சக்கரங்களுக்குத் தெளித்தார். அதுவும் போதாமல் இருந்தது. அப்போதுதான் முன்பு பேக்கரியில் சங்கானையோடு பாண் அடுக்கிய ஒரு யப்பான்காரர் ஒரு விசயம் சொன்னார். வடக்கே, பரி நகரம் தாண்டி, அவருடைய தமக்கை தன் காணியில் சின்னதாய் ஒரு ஷின்டோ கோயில் வைத்துப் பார்க்கிறாவாம். அவர்களுடைய நாட்டில் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வார்களாம்.

வானும் யப்பான் வான். சங்கானை உடனே முடிவெடுத்துவிட்டார்.

"காரைச் செய்தவன்ரை சாமிக்குத்தான் காரின்ரை குணம் தெரியும்."

சித்திரையில் ஒரு சனிக்கிழமை வெளிக்கிட்டோம். வடையும் தேத்தண்ணியும் என்னிடம். தேங்காயும் எலுமிச்சம்பழமும் சங்கானையிடம். செபமாலை மன்னாரிடம். ஹைவேயில் லொறிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. சங்கானைக்கு வயதும் எண்பது, வேகமும் எண்பது. ஊரில் அவர் உழவு மெசின் ஓட்டியவர். அதனால் முன்னுக்கு ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. பின்னுக்குப் பார்க்கிற பழக்கம்தான் வரவில்லை. உழவு மெசினுக்குப் பின்னால் வயல்தானே இருக்கும், வாசலா இருக்கும்? மன்னார் பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு மணி உருட்டியபடியே வந்தார்.

கோயிலுக்கு முன்னால் சிவப்புத் தூண்கள் இரண்டு, மேலே குறுக்கு மரம், கதவில்லாத வாசல். உள்ளே எங்கள் ஊர் வைரவர் கோயில் அளவில் ஒரு மரக்கோயில். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டோம். பனி உருகிய சேறு காலுறைக்குள்ளால் ஏறியது. யப்பான்காரரின் தமக்கை, அந்த அம்மா, வெளியே வந்து எங்கள் காலைக் காட்டி ஏதோ சொன்னா. பக்தியை மெச்சுகிறா என்று நினைத்துச் சங்கானை கும்பிட்டார்.

பக்கத்தில் கல்தொட்டியில் தண்ணீரும் மூங்கில் அகப்பையும் இருந்தன. தீர்த்தம்தான் என்று வலக்கையில் ஏந்திக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டோம். மன்னார் நெற்றியில் சிலுவையும் போட்டார். அந்த அம்மா ஓடிவந்து செய்துகாட்டினா. இடக்கையைக் கழுவி, வலக்கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, பக்கத்தில் துப்ப வேண்டுமாம்.

"அண்ணை, நாங்கள் குடிச்சது கை கழுவிற தண்ணி" என்றார் மன்னார்.

"கோயில் தண்ணிதானே. வயித்துக்குள்ளையும் கழுவுப்படட்டும்."

பிறகு கோயிலைச் சுற்றிக் கும்பிட்டோம். அங்கே அப்படிச் சுற்றுகிற வழக்கம் இல்லைப்போல. மூன்றாம் சுற்றில் அந்த அம்மா பின்னாலேயே வந்து, கக்கூஸ் இருக்கிற பக்கத்தைக் கைகாட்டினா.

ஆனால் பூசையைக் குறைசொல்ல ஏலாது. வானின் கதவுகளையும் பொனற்றையும் திறக்கச் சொல்லி, வெள்ளைக் கடதாசி மடித்துத் தொங்கவிட்ட தடியொன்றை அந்த அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினா. காற்றுக்கூட அடங்கியது போல இருந்தது. மன்னார் தொப்பியைக் கழற்றினார். சங்கானை கண்ணை மூடிக்கொண்டு நின்றார், உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

அதோடு வந்திருக்கலாம். எலுமிச்சம்பழம் நசியாத பூசை என்ன பூசை என்று சங்கானை சொன்னார். அந்த அம்மாவிடம் சைகையால் கேட்டு, தேங்காயைக் கல்லில் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தார். ஏறி இருந்து, சாமியை நினைத்து, கியரைப் போட்டார்.

வான் முன்னுக்குப் போகவில்லை. பின்னுக்குப் போய்ச் சிவப்புத் தூணில் 'டொக்' என்று நின்றது. பழங்கள் நாலும் வைத்தபடியே கிடந்தன.

அந்த அம்மா தூணைத் தடவிப் பார்த்தா, ஆட்டிப் பார்த்தா, பிறகு குனிந்து அதற்கு ஒரு வணக்கம் வைத்தா. நாங்களும் குனிந்தோம். திரும்ப அந்தத் தடியை எடுத்து வந்தா. இந்தமுறை வானுக்கு அல்ல, சங்கானையின் தலைக்கு மேலே வீசினா. முந்தியதைவிடக் கனநேரம் வீசினா.

பம்பரில் ஒரு ரூபாய்க் காசுக் குத்தி அளவு சிவப்பு. வீட்டுக்கு வந்ததும் சங்கானை அதைச் சுற்றிச் சந்தனம் பூசினார். பார்த்தால் பொட்டுத்தான். மகள் அடுத்தநாளே கண்டுவிட்டாள். ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். சந்தனம் போனது, சிவப்பு நின்றது.

"அப்பா, திஸ் இஸ் பெயின்ட்."

"யப்பான் குங்குமம் பிள்ளை. யப்பான் சாமான் லேசிலை போகாது."

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். நான் சப்பாத்தைப் பார்த்தேன். மன்னார் பொய் சொன்னால் சுவாமியாரிடம் அந்தப் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும். அதற்குப் போவதற்கும் இந்த வான்தான் வேண்டும்.

"தூண் கொஞ்சம் கிட்ட நிண்டிட்டுது, பிள்ளை" என்றார் மெதுவாக.

மகள் கையை நீட்டவில்லை. சங்கானையே சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை பிள்ளையாரிட்டை ஆர் கொண்டுபோறது?"

"நான்தான். வேறை ஆர்?"

அவள் சொன்னால் செய்கிறவள். வெள்ளிக்கு வெள்ளி வேலை முடிந்து வந்து எங்களை ஏற்றுகிறாள். நூற்றியிருபதில் ஓட்டுகிறாள். இப்போது லொறிகளை நாங்கள் முந்துகிறோம். பின்சீற்றில் மூவரும் நெருங்கி இருப்போம். மன்னார் செபமாலையை எடுப்பார். அதன் மற்றத் தலைப்பைச் சங்கானை பிடித்துக்கொள்வார்.