கறுப்புச் சேவல் நிறுத்திய இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் நானும் தம்பியும் ஒரே வீட்டில் தறி போட்டிருந்தோம். புழக்கடையில் கோழிகளோடு ஒரு கறுப்புச் சேவலும் ஒரு சிவப்புச் சேவலும் இருந்தன. இரண்டும் தினமும் மோதிக்கொள்ளும். நான் ஓடிப்போய்ப் பிரித்து, ஒன்றைக் கூடை போட்டு மூடிவிடுவேன். பெரிய பஞ்சாயத்துக்காரன் என்று எனக்கு நினைப்பு.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். சத்தம் கேட்டு எழுந்தேன்.

"வுடுண்ணா. நீ பிரிச்சி வுட்டுக்கினே இருக்குற, அதான் சண்டை தீரமாட்டேங்குது" என்றான் தம்பி.

"ஒண்ணு செத்துப்போச்சுன்னா?"

"சாவாது. பாரேன்."

பயந்துகொண்டே பார்த்தேன். இறகு பறந்தது, கொண்டையில் ரத்தம். திடீரென்று சிவப்பு தலையைத் தாழ்த்தி ஒதுங்கியது. கறுப்பு அந்த நொடியே நின்றுவிட்டது. துரத்தவில்லை, இன்னொரு கொத்துகூடக் கொத்தவில்லை. மண்ணைக் கிளறி, கோழிகளைத் தீனிக்குக் கூப்பிடப் போய்விட்டது. சற்றுத் தள்ளி சிவப்பும் மேய்ந்தது. அசந்துபோனேன்.

சேலைக் கரையில் இழையை மாற்றிப் போட்டதற்கு, "எம்மேலதாண்ணா தப்பு" என்று தம்பி காலையிலேயே சொல்லிவிட்டான். சாப்பாட்டிலும் நான் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். சேவல்கள் மோதியதால்தான் பாதியில் நிறுத்தினேன்.

மீதியை இன்றுவரை சொல்லவில்லை.